275ஆம் சேனலில் உறையும் ரிசீவர்: சீரியல் அடாப்டர் வழிக் கட்டுப்பாட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

புகாரைக் கேட்டால் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டின் தானியங்கி அமைப்போடு இணைத்திருக்கும் சாட்டிலைட் ரிசீவர் திடீர் திடீரென்று பேச்சைக் கேட்பதில்லை. டேப்லெட்டில் சேனலைத் தொட்டால் அசைவில்லை. ‘தூங்கப் போகிறோம்’ பட்டனை அழுத்தினால் விளக்குகள் அணைகின்றன, டிவி அணைகிறது, ரிசீவர் மட்டும் விடிய விடிய ஓடுகிறது. அதன் சொந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அப்புறம் சில நாள் தொந்தரவு இருக்காது.

இந்த மாதிரிப் புகாருக்கு வழக்கமான பதில், “அடாப்டர் மலிவுச் சரக்கு, நல்லதாக வாங்கிப் போடுங்கள்” என்பது. அந்த வீட்டிலும் அதைச் செய்து பார்த்தார்கள். அடாப்டர் மாறியது, கேபிள் மாறியது, பவர் சப்ளை மாறியது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. அது ஒயரிலும் இல்லை, சிப்பிலும் இல்லை. சேனல் எண்களுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கட்டுரை.

அமைப்பு

ஒரே மாடலில் இரண்டு ரிசீவர்கள். ஒன்று ஹாலுக்கு, மற்றொன்று படுக்கையறைக்கு. இரண்டும் ஒரே அலமாரிக்குள் மூடிக் கிடக்கின்றன. அங்கிருந்து படம் மட்டும் எச்டிஎம்ஐ கேபிளில் அந்தந்த அறைக்குப் போகிறது. ரிசீவர்களோடு வந்த ரிமோட் ரேடியோ வகை என்பதால் அலமாரிக் கதவு அதற்குத் தடையில்லை. கட்டுப்பாட்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர். அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள் ஓடுகிறது, அதற்கும் ரிசீவருக்கும் இடையில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது லினக்ஸ் கட்டளைகளை அடுக்கிய நிரல்.

கட்டளைகள் ரிசீவருக்குப் போவது சீரியல் வழியில், அதாவது ஒரு கம்பியில் பிட் பிட்டாக. ஏன் சீரியல்? இன்ஃப்ராரெட் எல்.இ.டி. ஒன்றை ரிசீவரின் முகத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். இன்ஃப்ராரெட் ஒருவழிப் பாதை. கட்டளையை அனுப்பலாம், அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பெரும்பாலான ரிமோட்களில் பவர் பட்டன் ஒன்றுதான்: அணைந்திருந்தால் போடும், போட்டிருந்தால் அணைக்கும். தானியக்கத்துக்கு இதைவிட மோசமான பட்டன் கிடையாது. ரிசீவர் ஏற்கெனவே அணைந்திருந்தால், ‘தூங்கப் போகிறோம்’ அதைப் போட்டுவிடும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாடல் இரண்டு இருந்தால் ஒன்றுக்கு அனுப்பியதை இரண்டும் கேட்கும் என்ற சிக்கல் வேறு.

நெட்வொர்க் வழி இருந்தால் நான் முதலில் அதைத்தான் எடுப்பேன். அமெரிக்க சாட்டிலைட் டிவி நிறுவனமான டைரக்டிவியின் பல ரிசீவர்கள் 8080ஆம் போர்ட்டில் வலைக் கட்டளைகளைக் கேட்கும். மெனுவில் வெளிச் சாதனங்களுக்கு அனுமதி கொடுத்தால் போதும். எனிக்மா2 வகை லினக்ஸ் ரிசீவர்களுக்கு ஓபன்வெப்இஃப் என்ற வலைக் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கிறது. இந்த வீட்டு ரிசீவரில் அந்த வசதி இல்லை. இருந்தது சீரியல் மட்டும், அதுவும் சுற்றுவழியில்: பின்பக்கம் ஒன்பது பின் சாக்கெட் கிடையாது, யூஎஸ்பி துளைதான். அதில் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றைச் செருகினால், ரிசீவரின் மென்பொருள் அதை அடையாளம் கண்டு கட்டுப்பாட்டுப் போர்ட்டாக எடுத்துக்கொள்ளும்.

இங்கே பலரும் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். அந்த அடாப்டர் ரிசீவரின் துணைக்கருவி. கம்ப்யூட்டருக்கு உரியது அல்ல. யூஎஸ்பியில் ரிசீவரும் தலைமைச் சாதனம், கம்ப்யூட்டரும் தலைமைச் சாதனம். இரண்டையும் யூஎஸ்பி ஒயரால் நேரே இணைக்க முடியாது. ஆக, ரிசீவர் பக்கம் ஓர் அடாப்டர், ராஸ்பெர்ரி பை பக்கம் ஓர் அடாப்டர், இரண்டும் எதிரெதிரே. ரிசீவர் பக்க அடாப்டரின் சிப், ரிசீவரின் மென்பொருளுக்குத் தெரிந்த சிலவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்; நாம் டிரைவர் போட்டுக் கொடுக்க முடியாது. செருகிய பிறகு ரிசீவரை முழுதாக ஒருமுறை அணைத்துப் போடுவதும் நல்லது.

இரண்டு அடாப்டர்களும் தம்மைக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். இரண்டிலும் 3ஆம் பின் பேசும், 2ஆம் பின் கேட்கும், 5ஆம் பின் பூமி. நேர்க்கேபிள் போட்டால் வாயும் வாயும் மோதும். 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்ட நல் மோடம் கேபிள் வேண்டும். எது எந்தக் கேபிள் என்று குழப்பம் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இந்தச் சீரியல் முறையின் பெயர் ஆர்எஸ்-232. அதன் கம்பி சும்மா இருக்கும்போது, பேசும் பின்னில் பூமியை ஒப்பிட்டு எதிர்மறை மின்னழுத்தம் இருக்கும். தரவிதிப்படி மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. கேபிள் முனையில் எந்தத் துளையில் எதிர்மறை காட்டுகிறதோ, அங்கேதான் மறுமுனை பேசுகிறது. சும்மா இருக்கையில் பிளஸ் 3.3 வோல்ட் காட்டினால் அது ஆர்எஸ்-232 இல்லை, வெறும் லாஜிக் நிலை. அதை இதோடு இணைக்கக் கூடாது.

வேகம் 9600 பாட், அதாவது செகண்டுக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட். ஆக ஒரு பைட் போக ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். ஆறு பைட் கட்டளை போய்ச் சேர ஆறேழு மில்லிசெகண்ட். சேனல் மாறித் திரையில் படம் வர ஆகும் ஓரிரு செகண்ட் முழுவதும் ரிசீவரின் வேலை. வேகத்தைக் கூட்டினால் சேனல் சுறுசுறுப்பாக மாறும் என்று எதிர்பார்ப்பது வீண்.

கட்டளையின் வடிவம்

இந்த ரிசீவரின் மொழி எழுத்துகள் அல்ல, வெறும் பைட்டுகள். ஒரு தொடக்கக் குறி, கட்டளை எண், சேனலுக்கு இரண்டு பைட், துணைச் சேனலுக்கு இரண்டு பைட். ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். சேனல் எண் அதைத் தாண்டும் என்பதால் அதை 256ஆல் வகுத்து, ஈவு முதல் பைட்டாகவும் மீதி இரண்டாம் பைட்டாகவும் போகும். 360 என்றால் 1, 104. துணைச் சேனல் இல்லையென்றால் 255, 255.

“இப்போது எந்தச் சேனல்?” என்று கேட்டால் பதிலும் இதே பாணியில் வரும்: தொடக்கக் குறி, சேனலின் இரு பைட், துணைச் சேனலின் இரு பைட், முடிவுக் குறி. ஸ்கிரிப்ட் 10 செகண்டுக்கு ஒருமுறை இதைக் கேட்டு டேப்லெட்டில் காட்டும். தவிர, யாராவது கை ரிமோட்டில் சேனலை மாற்றினால், கேட்காமலேயே இதே வடிவில் ஒரு தகவலை ரிசீவர் அனுப்பிவைக்கும். கடைசியில் சொன்ன இந்தப் பழக்கம் பின்னால் பெரிய தடயமாகப் போகிறது.

அறிகுறிகள்

வீட்டாரிடம் உட்கார்ந்து பேசியதில் கிடைத்தவை இவை. எந்த வரிசையில் சொன்னார்களோ அப்படியே தருகிறேன், ஏனென்றால் எது முக்கியம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஹால் ரிசீவர்தான் உறைகிறது. படுக்கையறை ரிசீவர் உறைவதில்லை, ஆனால் டேப்லெட்டில் சில நேரம் அபத்தமான சேனல் எண்ணைக் காட்டும். ஒருமுறை 511, அடுத்து 65,535. மேட்ச் இருக்கும் நாட்களில் ஹால் தொந்தரவு அதிகம். டிவி நீண்ட நேரம் ஓடுவதால் அலமாரி சூடாகிறது, அதனால் இருக்கலாம். உறைந்துவிட்டால் கை ரிமோட்டில் 273க்குப் போனால் சரியாகும். ஆனால் சரியான கையோடு சேனல்கள் பேய் பிடித்ததுபோல் தாமாக மாறும்; சில சமயம் ரிசீவர் அணைந்தே போகும். 269ஆம் சேனலைப் பார்க்கும்போது டேப்லெட் 266 என்று காட்டுகிறது, அது பட்டியலில் ஏதோ பிழை. 266ஐத் தொட்டால் போவதே இல்லை, அந்தச் சேனல் சந்தாவில் இல்லை போலிருக்கிறது.

273க்குப் போனால் சரியாகும் என்பதை வீட்டில் ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் காது விடைத்தது. வெப்பமோ தளர்ந்த ஒயரோ ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கட்டுப்படாது.

முதலில் சந்தேகப்பட்டவை

இருந்தாலும் வழக்கமான சந்தேகங்களை ஒதுக்காமல் விட முடியாது. அடாப்டர் சிப் போலியோ என்ற பயம் ஆதாரமற்றது அல்ல. 2014 அக்டோபரில், இந்த வகைச் சிப்களைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, அவற்றைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணாதபடி செய்தது. பெரிய சர்ச்சையாகி, அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அது விண்டோஸ் கதை; இங்கே ஓடுவது லினக்ஸ். மேலும், சிப் போலியானால் வேலை செய்யாமல் போகலாம். 269ஐ 266 என்று பொறுமையாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்காது.

மோடம்மேனேஜர் என்ற லினக்ஸ் சேவை அடுத்தது. புதிதாக ஒரு சீரியல் போர்ட்டைக் கண்டால், மோடமாக இருக்குமோ என்று அதற்கு மோடம் கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. ரிசீவருக்கு அது குப்பை. அந்தச் சேவையை நிறுத்தினோம். நல்லதுதான், ஆனால் நோய் அது இல்லை.

மூன்றாவது சந்தேகம் பாதி உண்மையாக இருந்தது. லினக்ஸ் யூஎஸ்பி சீரியல் போர்ட்டுகளுக்கு 0, 1 என்று கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுக்கும். மின்சாரம் போய் வந்தால் வரிசை மாறலாம். அப்படி மாறியபோது ஹாலுக்கான கட்டளை படுக்கையறைக்குப் போயிருக்கிறது. இந்த வகை அடாப்டர்கள் பலவற்றில் தனித்த வரிசை எண் இருக்காது என்பதால், எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து லினக்ஸ் தரும் நிலையான பெயருக்கு ஸ்கிரிப்டை மாற்றினோம். மின்வெட்டுக்குப் பிந்தைய குழப்பம் தீர்ந்தது. உறைவது தீரவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாள் அமைதி இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது. கேபிளை மாற்றினால் அமைதி, பவர் சப்ளையை மாற்றினால் அமைதி. மேட்ச் இல்லாத நாட்கள் அவை என்பதை யாரும் கவனிக்கவில்லை. விளையாட்டுச் சேனலின் எண் 275.

லூப்பேக் சோதனையும் இவர்களைக் காப்பாற்றவில்லை. அடாப்டரின் 2ஐயும் 3ஐயும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், அனுப்பியது அப்படியே திரும்பி வர வேண்டும். செய்து பார்த்திருந்தார்கள், வந்தது. அனுப்பியது ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு வாக்கியம்.

லாக் சொன்ன பொய்

ஸ்கிரிப்ட் அனுப்பிய, பெற்ற ஒவ்வொரு பைட்டையும் நேரத்தோடு லாக்கில் எழுதவைத்தோம். உறைந்த நேரத்தைத் தேடிப் பார்த்தால் விசித்திரமான காட்சி. சேனல் என்ன என்ற கேள்வி போகிறது. பதிலாக ஆறு பைட் வர வேண்டிய இடத்தில் ஐந்துதான். அதற்குப் பிறகு 10 செகண்டுக்கு ஒருமுறை கேள்வி ‘அனுப்பப்பட்டது’ என்று லாக் சொல்கிறது. பதில் மட்டும் இல்லை. ரிசீவர் செத்துவிட்டது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றும்.

ஆனால் இந்த லாக் எங்கே உட்கார்ந்து எழுதுகிறது என்று யோசிக்க வேண்டும். கம்பிக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவில் அடாப்டர் சிப் இருக்கிறது, லினக்ஸின் மையமான கர்னலில் அடாப்டரை இயக்கும் டிரைவர் இருக்கிறது, அதற்கு மேல், தட்டச்சுத் திரைகளுக்காக எழுதிய டெர்மினல் அடுக்கு இருக்கிறது. ஸ்கிரிப்ட் இத்தனைக்கும் மேலே. கீழே யாராவது ஒரு பைட்டை எடுத்துத் தின்றுவிட்டால், அது வந்ததே ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அதே மாதிரி, ‘அனுப்பப்பட்டது’ என்றால் கர்னலிடம் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் பொருள். கம்பியில் போனதா என்பது வேறு கேள்வி.

ஆகவே மூன்றாவதாக ஓர் அடாப்டரை ஒட்டுக்கேட்க வைத்தோம். அதன் 5ஆம் பின்னைப் பூமியோடும், 2ஆம் பின்னை நமக்கு வேண்டிய திசையின் கம்பியோடும் இணைத்தால் போதும். அது கேட்கும், பேசாது. எதையும் மாற்றாத முறையில் திறந்து, முதலில் ரிசீவரிலிருந்து வரும் திசையைக் கேட்டோம். பிறகு 275க்குப் போனோம்.

கம்பியில் ஆறு பைட்டும் வந்தது. தொடக்கக் குறி, 1, 19, 255, 255, முடிவுக் குறி. ஸ்கிரிப்டின் லாக்கில் 19 மட்டும் இல்லை. அடுத்து எதிர்த்திசையைக் கேட்டோம்: 19 வந்த கணத்திலிருந்து ராஸ்பெர்ரி பை பக்கத்திலிருந்து ஒரு பைட்கூடப் போகவில்லை. லாக் மட்டும் ‘அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது’ என்று எழுதிக்கொண்டே இருந்தது.

19 யார்?

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 17ஆம் எண்ணும் 19ஆம் எண்ணும் எழுத்துகள் அல்ல, சாதனக் கட்டுப்பாட்டுக் குறிகள். டெலிடைப் என்ற தொலைத்தட்டச்சு இயந்திரங்களின் காலத்தில் 17 காகித நாடா வாசிப்பானை ஓடவைக்கும், 19 நிறுத்தும். அதுவே பிறகு எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் என்ற ஓட்டக் கட்டுப்பாடாக நிலைத்தது: எதிராளி 19ஐ அனுப்பினால், “போதும், நிறுத்து”, 17ஐ அனுப்பினால், “சரி, தொடரு.” டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் அழுத்தித் தெரியாமல் திரையை உறையவைத்து, கன்ட்ரோல் க்யூ அழுத்தி மீட்டவர்களுக்கு இது பழக்கமான ஜோடி.

லினக்ஸில் ஒரு யூஎஸ்பி சீரியல் போர்ட்டைப் புதிதாகத் திறந்தால், அது ஒரு டெர்மினலின் இயல்புகளோடுதான் பிறக்கிறது. எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃபுக்குக் கீழ்ப்படிவது அதில் ஒன்று. உள்ளே வரும் 13ஐ 10 ஆக மாற்றுவது இன்னொன்று. வெளியே போகும் 10க்கு முன்னால் ஒரு 13ஐச் சேர்ப்பது மூன்றாவது. டெர்மினலில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் மனிதருக்கு இவை மூன்றும் தேவை. பைட்டுகளால் பேசும் ரிசீவருக்கு மூன்றும் விஷம்.

இப்போது வீட்டார் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

275 என்பது 1, 19. அந்தச் சேனலில் இருக்கும்போது ஸ்கிரிப்ட் நிலையைக் கேட்டால், பதிலில் வரும் 19 நம் பக்கத்தின் வாயை அடைத்துவிடுகிறது. கேட்க முடியும், பேச முடியாது. பேசாததால் ரிசீவரிடமிருந்து அடுத்த பதிலும் வராது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் போர்ட் புதிதாகத் திறக்கும், பூட்டு விலகும்.

273 என்பது 1, 17. உறைந்த நிலையில் கை ரிமோட்டில் 273க்குப் போனால், ரிசீவர் தானாக அனுப்பும் தகவலில் 17 வருகிறது. பூட்டு திறக்கிறது. திறந்த கையோடு, இதுவரை கர்னலின் பஃபரில், அதாவது தற்காலிகக் கிடங்கில், தேங்கிக் கிடந்த கட்டளைகள் அத்தனையும் வரிசையாகக் கொட்டுகின்றன: வேலை செய்யவில்லையே என்று எரிச்சலில் மாற்றி மாற்றித் தொட்ட சேனல்கள், அதோடு முந்தைய இரவின் அணைக்கும் கட்டளையும். பேய் இதுதான். அணைக்கும் கட்டளை கொடுத்து மணிக்கணக்கான பிறகு ரிசீவர் அணைந்தது ஏன் என்பதற்கும் விடை இதுதான்.

269 என்பது 1, 13. உள்ளே வரும் 13 10 ஆகிறது. 1, 10 என்றால் 266. பட்டியலில் பிழை எதுவும் இல்லை.

266ஐக் கேட்டால் 1, 10 போக வேண்டும். போனது 1, 13, 10. கட்டளை ஒரு பைட் நீண்டுவிட்டது. ரிசீவர் அதை 269ஆம் சேனலின் ஏதோ ஒரு துணைச் சேனலாகப் படித்து, அப்படி ஒன்று இல்லையென்று மறுத்துவிடும். கடைசியில் அனாதையாக நிற்கும் 255 அடுத்த கட்டளையையும் சில நேரம் கெடுக்கும். சந்தா ஒழுங்காகத்தான் இருந்தது.

படுக்கையறைக் கதைதான் எனக்குச் சுவையாக இருந்தது. அங்கே ஏன் உறையவில்லை? இரண்டு பக்கமும் ஸ்கிரிப்ட் ஒன்றுதான், ஆனால் அடாப்டர் சிப் வேறு. எக்ஸ்ஆஃப் வந்தால் அனுப்புவதை நிறுத்தும் வேலையைச் சில சிப்கள் தாமே செய்கின்றன. டிரைவர் அவற்றிடம் அதை ஒப்படைத்துவிடுகிறது. வேறு சில சிப்களில் அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே டெர்மினல் அடுக்கு 19ஐத் தின்றுவிடும், ஆனால் அனுப்புவது நிற்காது. ஆக, படுக்கையறையில் பதில் ஒரு பைட் குறைந்தது, அவ்வளவுதான். ஸ்கிரிப்டோ எண்ணி ஆறு பைட் வாங்காமல் நகராது. குறைந்த ஒன்றுக்கு அடுத்த பதிலின் முதல் பைட்டைக் கடன் வாங்கியது. முதல் முறை சேனலாகப் படித்தது 1, 255, அதாவது 511. அடுத்த முறை எல்லாம் ஓர் இடம் தள்ளி, 255, 255, அதாவது 65,535. ஒரே நோய் இரண்டு அறைகளில் இரண்டு முகத்தோடு வந்ததால்தான், அடாப்டர்மேல் பழி விழுந்தது. அடாப்டரை மாற்றினால் அறிகுறி உண்மையாகவே மாறும், குணமாகாது.

நல்ல வேளையாக இந்த ரிசீவரின் பதிலில் சிக்னல் அளவு சேர்ந்து வருவதில்லை. வந்திருந்தால், மழையில் சிக்னல் 19க்கு இறங்கும்போதெல்லாம் உறைந்து, வானிலைமேல் பழி போட்டிருப்போம்.

திருத்தம்

ஸ்கிரிப்ட் போர்ட்டைத் திறக்கும் இடத்தில் வரிக்கு வரி வாசிப்பதை நிறுத்தும் அமைப்பு இருந்தது. எதிரொலியை நிறுத்தும் அமைப்பும், குறுக்கீட்டு விசைகளைக் கண்டுகொள்ளாத அமைப்பும் இருந்தன. எழுதியவர் விஷயம் தெரியாதவர் அல்ல. ஓட்டக் கட்டுப்பாடும், 13, 10 மாற்றங்களும் மட்டும் விட்டுப்போயிருந்தன. தனித்தனியாக ஒவ்வொன்றையும் அணைப்பதற்குப் பதில், பைட்டுகளை அப்படியே விட்டுவிடும் ‘ரா’ முறையில் போர்ட்டைத் திறக்கும் ஒரே கட்டளை எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். எதிரொலியை மட்டும் தனியாக அணைக்க வேண்டும். இது ஒரு வரித் திருத்தம். அதோடு விட்டிருந்தாலே உறைவது நின்றிருக்கும்.

நாங்கள் ஷெல் ஸ்கிரிப்டையே தூக்கிவிட்டு, பைதானில் பைசீரியல் நூலகத்தோடு திரும்ப எழுதினோம். நாமாகக் கேட்டாலொழிய அந்த நூலகம் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃபைப் போடாது, 13, 10ஐத் தொடாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பதிலைப் படிக்கும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. எண்ணி ஆறு பைட் வாங்கும் வழக்கத்தை விட்டு, தொடக்கக் குறியைத் தேடுவது, அதோடு சேர்த்து ஆறு பைட் முடிவுக் குறியோடு முடிகிறதா என்று பார்ப்பது, அரை செகண்டுக்குள் முழுதாக வராவிட்டால் கையில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று ஆக்கினோம். ஒரு பைட் தொலைந்தால் ஒரு பதில் கெடலாம். அதற்கு மேல் கெடக் கூடாது.

கட்டளைகளுக்கு ஒரே வரிசை. நிலை கேட்பதும் சேனல் மாற்றுவதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. முந்தையதற்குப் பதில் வந்த பிறகோ நேரம் கடந்த பிறகோதான் அடுத்தது போகும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆயுள் உண்டு: மூன்று செகண்டுக்குள் அனுப்ப முடியாவிட்டால் எறிந்துவிடும். முந்தைய இரவின் அணைக்கும் கட்டளை மறுநாள் மாலையில் உயிர்த்தெழுவதற்கு இனி வழியில்லை. மூன்று கேள்விகளுக்குத் தொடர்ந்து பதில் இல்லையென்றால் போர்ட்டை மூடித் திறந்து, டேப்லெட்டில் ‘தொடர்பு இல்லை’ என்று காட்டும். பழைய ஸ்கிரிப்ட் கடைசியாகத் தெரிந்த சேனலையே காட்டிக்கொண்டு நின்றது. அது உறைவதைவிட மோசம் என்பது என் கருத்து.

சோதனையையும் மாற்றினோம். லூப்பேக் கம்பியைப் போட்டு, எழுத்துகளுக்குப் பதிலாக 0 முதல் 255 வரை எல்லா பைட்டுகளையும் அனுப்பி, திரும்பி வந்ததோடு ஒப்பிட வேண்டும். பழைய அமைப்பில் இதைச் செய்து பார்த்தபோது, ஹால் அடாப்டர் 19ஐத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டது. படுக்கையறை அடாப்டர் கடைசிவரை ஓடி, 17ஐயும் 19ஐயும் விழுங்கி, 10 இருந்த இடத்தில் இரண்டு 10ஐயும் 13 இருந்த இடத்தில் இன்னொரு 10ஐயும் கொடுத்தது. புதிய அமைப்பில் 256ம் அப்படியே திரும்பின. புதிதாக எந்த அடாப்டரை வாங்கினாலும் முதலில் ஓடவேண்டியது இந்தச் சோதனை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்கிருந்து வந்தது அந்த ஸ்கிரிப்ட்

விஷயம் தெரிந்த ஒருவர் ஏன் பாதி அமைப்பை மட்டும் மாற்றினார் என்ற கேள்விக்கும் அதே அலமாரியில் விடை இருந்தது. ரிசீவர்களுக்குக் கீழ்த் தட்டில் ஓர் ஆம்ப்ளிபயர். அதுவும் சீரியலில்தான் இயங்குகிறது, ஆனால் அதன் மொழி எழுத்துகள். டெனான் ஆம்ப்ளிபயர்கள் பேசுவதும் இந்த வகைதான்: சில ஆங்கில எழுத்துகள், முடிவில் 13. ஆம்ப்ளிபயருக்காக முதலில் எழுதிய ஸ்கிரிப்டை நகலெடுத்து, கட்டளைகளை மட்டும் மாற்றி ரிசீவருக்கு வைத்திருக்கிறார்கள். 13 முடிவோடு வரும் பதிலை 10 ஆக மாற்றிக் கொடுத்தால், வரிவரியாக வாசிக்கும் ஷெல் ஸ்கிரிப்டுக்கு அது வசதி. எழுத்து மொழியில் 17ம் 19ம் வரவே வராது. அங்கே அந்த அமைப்பு பிழையே இல்லை.

அதனால் ஆம்ப்ளிபயரின் ஸ்கிரிப்டை ‘ரா’ முறைக்கு மாற்றவில்லை. மாற்றினால் பதிலின் முடிவு 13 ஆகவே நிற்கும், 10ஐ எதிர்பார்த்து வாசிக்கும் பகுதி காத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்கிரிப்டுகளின் தலையிலும் எந்தச் சாதனம், எழுத்து மொழியா பைட் மொழியா என்று ஒரு வரி எழுதிவைத்தாயிற்று. ஒட்டுக்கேட்ட அடாப்டரைக் கழற்றாமல் ஹால் ரிசீவர் கம்பியிலேயே விட்டிருக்கிறோம். ரிசீவரின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது பதிலின் வடிவம் மாறினால், முதலில் அதில்தான் தெரியும்.